ஈரத்துணியும் இரண்டு வாளியும்

வீடு சந்திப்புக்குச் செல்லும் பங்குக் குரு, மிதியடியை வாசலிலேயே கழற்றிவிடுகிறார். விருந்தினர் எவரும் செய்வதுதான் இது. ஆயினும் ஒரே மாலைப்பொழுதில் பதினைந்து, இருபது வீடுகளின் தரைகளை வெறுங்காலால் மிதித்துப் பார்க்கும் வாய்ப்பு எங்களைப் போன்றோர்க்கே வாய்க்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக இவ்வாறு நடந்ததில் என் உள்ளங்கால்களுக்குத் தனியொரு பயிற்சி கிடைத்துவிட்டது. நெருநெருவென மணல் உறுத்தும் தரை, பாதத்தைப் பற்றி இழுக்கும் பிசுபிசுத்த தரை, உப்புப் பூத்துச் சொரசொரக்கும் தரை, ஈரம் காயாமல் வழுக்கும் தரை, எதுவும் உறுத்தாமல் குளிர்ச்சியாய் ஏற்றுக்கொள்ளும் தரை எனக் கண்ணை மூடிக்கொண்டே வகை பிரித்துவிடலாம்.

இந்தப் பயிற்சியில் நான் கண்டறிந்த ஒன்று எனக்கே வியப்பளித்தது. பிசுபிசுத்த தரைகள் சோம்பல் மிகுந்தோரின் வீடுகளில் இல்லை. அங்கே மணல் இருக்கும், தூசி இருக்கும், பிசுக்கு இராது. காலைப் பற்றி இழுக்கும் தரைகள், நாள் தவறாமல் மிகுந்த அக்கறையோடு துடைக்கப்படும் வீடுகளிலேயே இருக்கின்றன. வாசலில் கால் வைத்தவுடன் ஃபினாயில் நெடி வரவேற்கும். “இப்பத்தான் தொடச்சோம் ஃபாதர், பாத்து வாங்க” என்பார் இல்லத்தலைவி. அவர் சொல்வதும் மெய். என் உள்ளங்கால் சொல்வதும் மெய். உழைப்புக்குக் குறைவில்லாத வீட்டில் பயன் மட்டும் ஏன் குறைகிறது?

துடைப்பது என்றால் என்னவென்று சற்று எண்ணிப் பார்ப்போம். தரையில் கிடக்கும் தூசியும் எண்ணெய்ப் பசையும் முதலில் துணிக்கு ஏற வேண்டும். துணியிலிருந்து நீருக்கு இறங்க வேண்டும். நீரோடு சேர்ந்து வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். முதல் இரண்டும் ஓரளவு நடந்துவிடுகின்றன. மூன்றாவதுதான் தடைபட்டுப் போகிறது. கூடம், நடை, இரண்டு அறைகள், சமையலறை என ஒரே வாளி நீரில் துடைத்துக்கொண்டு போகிறவர் மூன்றாவது இடத்தை அடையும்போதே, வாளி நீர் கடுங்காப்பியின் நிறத்துக்கு வந்துவிடுகிறது. அதன்பின் அவர் துணியை நனைக்கும் ஒவ்வொரு முறையும், கூடத்து அழுக்கைச் சமையலறைக்குப் பகிர்ந்தளிக்கிறார் என்பதே உண்மை. தரை ஈரத்தில் பளபளப்பதால் இது அப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. காய்ந்தபின் சன்னல் வெளிச்சத்தில் சாய்வாக நோக்கினால், துணி சென்ற வழியெல்லாம் வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும்.

இதனோடு சோப்புத் தூளும் ஃபினாயிலும் அளவின்றிச் சேரும்போது நிலைமை மோசமாகிறது. நீர் ஆவியாகிப் போகும், சோப்பு ஆவியாகாது. மெல்லிய படலமாகத் தரையிலேயே தங்கிவிடும். மறுநாள் நடமாடும் கால்களின் தூசியை அந்தப் படலம் பற்றிக்கொள்ளும். தரை நேற்றைவிடக் கறுத்திருப்பதைக் காணும் இல்லத்தலைவி, மருந்து போதவில்லை என்று கருதி இன்னொரு மூடி ஃபினாயிலைக் கூடுதலாக ஊற்றுவார். எங்கள் பங்கு இருப்பது இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில். இங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசிய உப்பும் மிகுதி. அத்தகைய கடின நீரில் சாதாரண சோப்பு நுரைப்பதற்குப் பதில், வெண்மையான கசடாகத் திரிந்து தரையில் படியும். ஆகவே புட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டாதிருப்பது சிக்கனம் பற்றியது மட்டும் அன்று. தரை சுத்தமாவதற்கே அது தேவை. ஏற்கெனவே பிசுக்கேறிய தரைக்கு, எதையும் கலவாத வெந்நீரில் இரண்டு மூன்று நாள் துடைப்பதே நல்ல மருந்து. முதல் நாள் வாளியில் நுரை எழும்பும். ஒரு துளி சோப்பும் போடாத நீரில் அந்த நுரை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கிருமிநாசினி பற்றியும் ஒரு சொல். கிருமிகளைக் கொல்லும் எந்த மருந்தும் அழுக்கடர்ந்த தரையில் சரிவர வேலை செய்வதில்லை. அழுக்கே அம்மருந்தின் வலிமையைப் பெரிதும் தின்றுவிடுகிறது. முதலில் அழுக்கை அகற்றி, பின்பு மருந்திட்டு, அது சில நிமிடமேனும் ஈரமாகத் தரைமேல் நிற்கவிட வேண்டும். ஊற்றியவுடன் வழித்தெடுத்தால் மணம் மட்டுமே எஞ்சும். 2020-ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக் காலத்தில் பல வீடுகளில் கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து தெளித்தார்கள். பிளீச்சிங் பவுடரைக் கழிவறை ஆசிட்டோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைச் சுடும். தனித்தனியே பயன்படுத்தும் நாளிலும் இரண்டுக்குமிடையே நீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். வீட்டுப் பெண்களுக்கும் வேலைக்கு வருவோர்க்கும் இதை யாரேனும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அவர்களுள் பலருக்குப் புட்டியின்மேல் உள்ள ஆங்கில எழுத்து பயன்படுவதில்லை.

குருமடத்தில் எங்களுக்கு நாள்தோறும் கைவேலை நேரம் என்று ஒன்று உண்டு. இறையியல் வகுப்புகள் முடிந்த பிற்பகலில் சிலர் தோட்டத்துக்கும், சிலர் மாட்டுத் தொழுவத்துக்கும், எஞ்சியோர் நடைகளைத் துடைக்கவும் செல்வோம். நீண்ட மொசைக் நடை அது. ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் இருப்பவரின் முகம் தெரியாது. எங்களுக்கு மூத்த மாணவர் ஒருவர், தஞ்சைப் பக்கத்துக்காரர், துடைப்பதில் கடுமையான ஒழுங்கு வைத்திருந்தார். பெருக்காத தரையில் ஈரத்துணி படக்கூடாது. துடைப்பவர் எப்போதும் பின்னோக்கியே நகர வேண்டும். வாளி எப்போதும் துடைக்காத பக்கத்தில் இருக்க வேண்டும். அன்று இவற்றைக் கேலி செய்தவர்களும், இன்று தத்தம் பங்கு இல்லங்களில் அவ்வாறே செய்வதை நான் அறிவேன்.

பெருக்குவதைப் பலரும் துடைப்பதற்கு முன்னுள்ள சிறு சடங்காக நினைக்கிறார்கள். பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. காய்ந்த மணலைப் பூந்துடைப்பம் ஒரே வீச்சில் அள்ளிவிடும்; நனைந்த மணல் சேறாகி மூலையில் ஒதுங்கும், அல்லது துணிக்கடியில் சிக்கித் தரையைக் கீறும். தலைமுடி நனைந்துவிட்டாலோ எந்தத் துணிக்கும் அடங்காது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூலைகளிலிருந்து வாசலை நோக்கிப் பெருக்கி, குப்பையை அப்போதே அள்ளிவிட வேண்டும். கட்டிலுக்கு அடியில் துடைப்பம் போகாத இடத்துக்கு ஈரத்துணி மட்டும் போவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே சில மாதங்களில் ஒரு களிமண் வரப்பே உருவாகிவிடும்.

துணி பருத்தியாக இருப்பது நலம். பழைய வேட்டி, பழைய துவாலை, தேய்ந்த போர்வை ஆகியவை நீரை உறிஞ்சும். பாலியஸ்டர் கலந்தவை நீரைத் தள்ளிக்கொண்டு போகுமேயன்றி உறிஞ்சமாட்டா. என் பழைய அங்கிகளைத் தரைத்துணியாக்கும் முயற்சி இருமுறை நடந்தது. தரையே அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. கோணிச் சாக்கு சிமெண்டுத் தரைக்கு ஒத்துவரும். ஆனால் நாரை உதிர்க்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் மைக்ரோஃபைபர் துணியின் இழைகள் மிக நுண்ணியவை. அவற்றின் இடுக்குகளில் தூசி சிக்கிக்கொள்வதால் குறைந்த நீரிலேயே வேலை முடிகிறது. எந்தத் துணியானாலும் அதைச் சுருட்டிப் பந்தாக்கித் தேய்ப்பது வீண். நான்காக மடித்தால், பிரித்துப் பிரித்து மடிப்பதன் மூலம் எட்டுத் தூய முகங்கள் கிடைக்கும். ஒரு முகம் கறுத்ததும் மறுமுகம். எட்டும் தீர்ந்தபின் வாளிக்குப் போனால் போதும். வேலை முடிந்ததும் துணியை அலசிப் பிழிந்து வெயிலில் விரித்துவிட வேண்டும். வாளிக்குள்ளேயே சுருண்டு கிடந்து புளித்த நாற்றமடிக்கும் துணியைக்கொண்டு மறுநாள் வீட்டைத் துடைப்பவர், வீட்டுக்குச் செய்வது நன்மை என்று சொல்வதற்கில்லை.

பிழிவது பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது. நீர் சொட்டும் துணியால் துடைத்தால் தரை நெடுநேரம் ஈரமாக நிற்கும். உப்பு நீராயின் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை பூக்கும். அதனினும் பெரிய தீங்கொன்று உண்டு. நோயில் பூசுதலுக்காக நான் சென்ற முதியோர் படுக்கைகளுள் எத்தனையோ, இடுப்பெலும்பு முறிந்தவர்களின் படுக்கைகள். எப்படி விழுந்தார் என்று கேட்டால், குளியலறையில் என்பார்கள்; அல்லது தரை துடைத்திருந்தது, அதற்குள் எழுந்து வந்துவிட்டார் என்பார்கள். ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், காலைச் செய்தித்தாளை எடுக்க எழுந்து நடந்த பத்தடியில் விழுந்தார். அதன்பின் பதினோரு வாரம் உயிரோடிருந்தார். ஒருநாளும் எழுந்து நடக்கவில்லை. துணியைக் கையால் பிழிந்தபின், தரையில் வைத்து இழுத்தால் பின்னால் நீர்த்தேக்கம் தெரியக்கூடாது. மங்கலான ஈரத்தடம் மட்டுமே தெரிய வேண்டும். மின்விசிறி சுழன்றால் அது சில நிமிடத்தில் காய்ந்துவிடும். முதியோர் இருக்கும் வீட்டில் பாதிக் கூடத்தைத் துடைத்து, அது காய்ந்தபின் மறுபாதியைத் துடைப்பதே முறை. அவர்கள் நடக்க உலர்ந்த வழி ஒன்று எப்போதும் இருக்கும்.

தரைக்குத் தரை வேறுபாடு உண்டு; இங்கே விரிவுக்கு இடமில்லை. மொசைக், சலவைக்கல், ஆத்தங்குடிக் கல் ஆகியவற்றில் ஆசிட் படலாகாது. சுண்ணாம்புக் கல்லையும் சிமெண்டையும் அது அரித்துவிடும். ஒருமுறை போன மெருகு திரும்பாது. செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தங்குடிக் கற்கள் துடைக்கத் துடைக்க மெருகேறி நிற்பதைக் கண்டவர்க்கு, நல்ல துணியும் நல்ல நீரும் போதும் என்பது விளங்கும்.

இனி வாளிக்கு வருவோம். மருத்துவமனைகளில் இரண்டு வாளி, மூன்று வாளி என்றொரு முறையைக் கற்பிக்கிறார்கள். ஒன்றில் சோப்பு நீர். மற்றொன்றில் வெறும் நீர். கிருமிநாசினி தேவையானால் மூன்றாவது. அழுக்கடைந்த துணி நேராகச் சோப்பு நீருக்குள் போவதில்லை. முதலில் வெறும் நீரில் அலசப்பட்டு, பிழியப்பட்டு, அதன்பிறகே சோப்பு நீரில் நனைகிறது. அழுக்கெல்லாம் ஒரு வாளியில் ஒதுங்க, மற்றது கடைசிவரை தெளிவாக இருக்கிறது. அலசும் வாளியின் அடிப்பாகம் கண்ணுக்கு மறைந்ததும் அந்த நீரைக் கொட்டிவிட்டு வேறு நீர் பிடிக்க வேண்டும். எளிய முறைதான். வீடுகளில் இது ஏன் பரவவில்லை?

பங்கு இல்லத்தைக் கூட்டித் துடைக்க வரும் அம்மாவிடம் இதை விளக்கியபோது அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, “நீங்க சொல்றது சரிதான் சாமி. தண்ணிய மாத்து மாத்துன்னு சொல்லுறவுக யாரும் தண்ணி சொமக்குறவுக இல்லையே” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின் நான் இப்பொருளை வேறு விதமாகவே நோக்கி வருகிறேன். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. பதினாறு லிட்டர் வாளி நிறைய நீர் என்பது, வாளியின் எடையையும் சேர்த்து, ஓர் ஐந்து வயதுப் பிள்ளையின் எடைக்குக் குறையாது. அதை மாடிப்படி ஏற்றி, நடுவில் இறக்கிக் கொட்டி, மறுபடி நிரப்பி ஏற்ற வேண்டும். குடிநீர்க் குழாய் இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் தெருவில், துடைப்பதற்கென்று இரண்டாவது வாளியை நிரப்புவது அந்த வீட்டாருக்கே மனம் ஒவ்வாத செயல். ஒரே வாளியில் வீடு முழுவதையும் துடைப்பவரின் செயலை அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. அது பெரும்பாலும் களைப்பு. அல்லது தண்ணீர்க் கணக்கு.

இதற்கு விடை எங்கள் ஆலயத்திலேயே கிடைத்தது. சனிக்கிழமைதோறும் முறைவைத்து ஒவ்வோர் அன்பியத்தாரும் ஆலயத்தைச் சுத்தம் செய்வது வழக்கம். முன்பெல்லாம் அது கழுவிவிடுதல்தான். குடம் குடமாக நீரை ஊற்றி, ஈர்க்குமாறால் தள்ளிக்கொண்டே வாசல்வரை போவார்கள். பார்க்க மகிழ்ச்சியான காட்சி, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அதைத் தொடர்ந்த கோடையில் ஊருக்குக் குடிக்கவே லாரித் தண்ணீர் என்றானபோது, அதைத் தொடர மனம் இடம் தரவில்லை. துடைத்தாலே போதும் என்று முடிவாயிற்று. ஆளுக்கு இரண்டு வாளி. ஆனால் இரண்டிலும் பாதியளவே நீர். ஆறு பெண்கள் பன்னிரண்டு அரை வாளிகளோடு, பீடத்தின் பக்கமிருந்து வரிசையாகப் பின்னோக்கி வந்தார்கள். செலவான நீர், முன்பு ஊற்றியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தரையோ முன்னிலும் தெளிவாக இருந்தது. ஊற்றிக் கழுவும்போது தூண்களின் ஓரத்திலும் இருக்கைகளின் காலடியிலும் தேங்கிக் காய்ந்த கசடு இப்போது இல்லை.

ஆகவே வீடுகளுக்கும் நான் சொல்வது இதுதான்: நிறைந்த ஒரு வாளியை விட, பாதி நிறைந்த இரண்டு வாளிகள் மேல். மொத்த நீர் அதே அளவு. ஒவ்வொன்றும் எட்டுக் கிலோ. தூக்குபவரின் தோளுக்கும் தாங்கும். நடுவில் ஒருமுறை அலசும் நீரை மட்டும் மாற்றினால், கூடுதலாகச் செலவாவது இன்னோர் அரை வாளி. கொட்டும் நீர் கழிவறையைக் கழுவப் பயன்படும். ஃபினாயில் கலந்ததைச் செடிக்கு ஊற்றுவது மட்டும் கூடாது. சமையலறையை முதலிலும், கழிவறைப் பக்கத்தைக் கடைசியிலும் துடைக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? வேண்டும் போலும், பல வீடுகளில் வாசலிலிருந்து தொடங்கும் பழக்கத்தால் சமையலறையே கடைசியாகிறது.

நீரினும் கடினமான கேள்வி முழங்கால்.

ஆங்கில மருத்துவ நூல்களில் இரண்டு நோய்ப் பெயர்கள் அடுத்தடுத்து வரும். முழங்கால் சில்லின் முன்னுள்ள நீர்ப்பை வீங்குவதற்கு வேலைக்காரியின் முழங்கால் என்று பெயர். சில்லுக்குச் சற்றுக் கீழேயுள்ள நீர்ப்பை வீங்கினால் அது குருவானவரின் முழங்கால். தரையைத் தேய்ப்பவர் முன்னே கவிழ்ந்து மண்டியிடுவதால் பாரம் சில்லின் மேலேயே விழுகிறது. செபிப்பவர் நிமிர்ந்து மண்டியிடுவதால் பாரம் சற்றுக் கீழே விழுகிறது. அவ்வளவே வேறுபாடு. இரு பெயர்களையும் முதன்முதல் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நெடுநேரம் சிரிப்பு வரவில்லை. என் முழங்காலுக்கு ஆலயத்தில் மெத்தை தைத்த பலகை இருக்கிறது. அந்த இன்னொரு முழங்காலுக்கு யார் என்ன வைத்தார்கள்?

நம் பெண்கள் மண்டியிட்டுத் துடைப்பதைக் காட்டிலும் குத்துக்காலிட்டு நகர்ந்து துடைப்பதே மிகுதி. அது உடலுக்கு நல்ல பயிற்சி என்று கூறுவோர் உண்டு. தன் வீட்டை நாளுக்கொருமுறை துடைக்கும் இளம்பெண்ணுக்கு அது பொருந்தலாம். காலை ஆறரை மணிக்குத் தொடங்கி நான்கு வீடுகளைத் துடைக்கும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

ஸ்பெயின் நாட்டில் இதற்கொரு வரலாறு உண்டு. மனுவேல் ஹலோன் என்ற விமானப் பொறியாளர் பயிற்சிக்காக அமெரிக்கா சென்றபோது, விமானக் கொட்டகைகளின் தரையை நின்றபடியே நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பானால் துடைப்பதையும், அதைப் பிழிய வாளியிலேயே உருளைகள் பொருத்தியிருப்பதையும் கண்டார். அவருடைய நாட்டில் அக்காலத்துப் பெண்கள் தரையை மண்டியிட்டே தேய்த்து வந்தனர். 1956-ஆம் ஆண்டில் சரகோசா நகரில் அவர் வீடுகளுக்கேற்ற துடைப்பானையும் வாளியையும் செய்து விற்கத் தொடங்கினார். அதற்கு ஃப்ரேகோனா என்ற பெயர் நிலைத்தது. அது புதுச்சொல் அன்று. அதுவரை பாத்திரமும் தரையும் தேய்க்கும் பணிப்பெண்ணைக் குறித்து வந்த, மரியாதை குறைந்த சொல். செர்வாந்தேஸ் 1613-இல் வெளியிட்ட கதையொன்றின் தலைப்பிலேயே அச்சொல் இருக்கிறது. பெண்ணுக்குரிய பெயர் குச்சிக்குப் போயிற்று. பெண் எழுந்து நின்றாள். ஹலோன் 2011-இல் காலமானார்.

நம் ஊரில் அந்தக் குச்சி கடைகளில் எல்லாம் இருக்கிறது. மாப் என்றே எல்லாரும் சொல்கிறோம். வாளியிலேயே சுழன்று பிழியும் வகையும் வந்துவிட்டது. மணிக்கட்டுக்கு அது பெரிய விடுதலை. ஒரு குறை: அது அலசுவதும் அதே நீரில்தான், ஆதலால் நீர் மாற்றும் கடமை அதிலும் தீரவில்லை. இவ்வளவு இருந்தும், “மாப் போட்டா மூலை சுத்தமாகாது, உக்காந்து தொடச்சாத்தான் தொடச்ச மாதிரி இருக்கும்” என்று வேலைக்கு வருவோரிடம் சொல்லும் வீடுகள் குறையவில்லை. மூலையைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. நூல் துடைப்பான் மூலையில் வளைந்து ஒதுங்கும். அதற்கு வாரம் ஒருமுறை மூலைகளை மட்டும் துணியால் துடைத்தால் போதும். மூன்று அங்குல மூலைக்காக முந்நூறு சதுர அடியையும் குந்தியபடி கடக்க வேண்டியதில்லை.

மேலே சொன்ன அம்மாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது முழங்கால் வீங்கிற்று. குந்தக்கூடாது என்றார் மருத்துவர். பங்கு இல்லத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. நான்கில் மூன்று வீடுகள் முடிந்தன. நான்காவது வீட்டில் மாப் இல்லை. “நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சாமி” என்றார். சொன்னேன். அந்த இல்லத்தலைவி நல்லவர். ஆலயக் காரியங்களில் முன்நிற்பவர். மறுவாரமே சுழலும் வாளியோடு கூடிய மாப் ஒன்றை ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு வாங்கிவிட்டார். மாதம் முடிந்தபோது, ஆயிரத்து இருநூறாக இருந்த சம்பளத்தில் இருநூறு குறைந்திருந்தது. வேலை இப்போது எளிதாகிவிட்டதல்லவா என்பது காரணம்.

“குச்சியக் குடுத்துட்டுக் கூலிய எடுத்துக்கிட்டாக” என்று அம்மா சொன்னபோது கோபமாகச் சொல்லவில்லை. கடைச் சில்லறையைச் சரிபார்ப்பவரைப்போலச் சொன்னார்.

மறுபடியும் போனேன். அறைகளின் எண்ணிக்கை குறையவில்லை, தரையின் பரப்பு குறையவில்லை; குறைந்தது வலி ஒன்றுதான். இத்தனை நாள் அந்த இருநூறு ரூபாய் தரைக்குக் கொடுத்ததா, வலிக்குக் கொடுத்ததா என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. “மாப்புக்கே ஆயிரத்து நானூறு ஆச்சே ஃபாதர்” என்றார். அதுவும் அவர் பக்கத்துக் கணக்கு. ஓய்வூதியத்தில் ஓடும் குடும்பம் அது. காப்பி கொடுத்தார். வேறு செய்திகள் பேசினோம். அடுத்த மாதம் நூறு ரூபாயைத் திரும்பக் கூட்டிக்கொடுத்தார்.

மற்ற நூறு இன்னும் வரவில்லை. அம்மா அந்த வீட்டை விட்டுவிடவும் இல்லை. இப்போது அங்கே அரை வாளி இரண்டு வைத்து, சமையலறையில் தொடங்கிப் பின்னோக்கி வருகிறார். முடிந்ததும் மாப்பின் தலையை அலசி, தலைகீழாகக் கொல்லைச் சுவரில் வெயிலில் சாய்த்துவிட்டு வருகிறார். போன மாதம் அந்த இல்லத்தலைவியிடமே சமையலறைக்கென்று தனித் துணி ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறார். புதுத் துவாலையாம், பாதியாகக் கிழித்து, ஒரு பாதியை எங்கள் பங்கு இல்லச் சமையலறைக்குக் கொண்டுவந்துவிட்டார்.